அபேனாவின் பின்னல்

இன்று ரங்கூனின் க்யிம்யிண்டைங் பகுதி இன்டர்நெட் கடையில் ஓவியர்கள் கூடும் தளத்தைத் திறந்தேன். என் சித்திரக்கதையின் நாயகி அபேனா, கானா நாட்டுப் பெண். அவள் படத்தின் கீழே, அந்நாட்டின் அக்ரா நகரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்.

"முகம் அழகு. ஆனால் பின்னல்களுக்கு நடுவே வகிடே இல்லையே. இவளுக்கு யாரும் தலை வாரிவிடவில்லையா?"

மனம் சுருங்கிவிட்டது. இந்த ஊர்க் கேலிப்படங்களில் நம் தமிழர்களை வரைகிற லட்சணம் எனக்குத் தெரியும். அதையே நானும் செய்துவிட்டேனோ என்று படத்தை நீக்கப் போனேன்.

பக்கத்தில் இருந்த தோழி ஃபரீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி அழிக்கிற? எப்படிப் பின்னுவாங்கன்னு அவங்ககிட்டயே கேளு."

கேட்டேன். நெற்றியிலிருந்து பிடரிவரை சீப்பின் வாலால் வகிடெடுத்து, சுருள்முடியைத் தலையோடு ஒட்டிப் பின்னுவதைப் பொறுமையாக விளக்கினார். கடையிலேயே புதிதாக வரைந்து, ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

"இவளை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன்" என்று பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வி: "நான் ஒரு ரங்கூன் தமிழ்ப் பெண்ணை வரையட்டுமா? அவள் தலை எப்படி இருக்கும்?"

மல்லிகை வைத்த ஒற்றைப் பின்னல் என்கிறேன் நான். முக்காடு என்கிறாள் ஃபரீதா. கன்னத்தில் இந்த ஊர்த் தனக்கா மரப்பட்டைப் பூச்சு மட்டும் இருவருக்கும் சம்மதம்.

நீங்களே சொல்லுங்கள், அக்ராவுக்கு என்ன எழுத?