சித்தப்பாவின் நெஞ்சும் சுவிஸ் காப்புறுதியும்

சூரிச்சிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவும் அப்பாவும் இன்று லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குப் போன ரயிலில் வழி முழுக்க வாதாடினார்கள்.

சுவிஸில் இந்த வருடம், 1996 முதல், எல்லோருக்கும் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பிந்திச் சேர்ந்தால் தண்டமும் உண்டு. சித்தப்பா இன்னும் சேரவில்லை.

"நோய் வருத்தமே வராதவனுக்கு என்னத்துக்கு அண்ணை இன்சூரன்ஸ்?"

"பேசாமல் இங்க வந்திரு. டொக்டருக்கு நாங்கள் ஒண்டும் கட்டுறேல்லை."

"உங்கட சம்பளத்தில பிடிக்கினமே அப்பா," என்றேன்.

"அது பிடிக்கிறது. கட்டுறேல்லை."

ஸ்டேஷன் படிகளில் ஏறும்போது சித்தப்பா பாதியில் நின்று நெஞ்சைத் தடவினார். "வாய்வு" என்றார். கொஞ்சக் காலமாகவே இப்படியாம். அங்கே டொக்டரிடம் காட்டவில்லை. வருத்தம் பதிவாகிவிட்டால் காப்புறுதிக்காரர் சேர்க்கமாட்டார்கள் என்று பயம்.

அப்பா சத்தம் போட்ட பிறகு, நாளைக்கு எங்கள் டொக்டரிடம் வரச் சம்மதித்தார். மொழிபெயர்க்கப் போவது நான். அதற்கும் ஒரு நிபந்தனை.

"டொக்டர் சொல்லுறதை எனக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. இன்சூரன்ஸில சேரேக்க வருத்தம் இருக்கோ எண்டு கேட்டா, தெரியாது எண்டு உண்மையைச் சொல்லலாம் தானே."

அவரைக் காப்பாற்ற வந்த சட்டத்துக்கு ஒளித்து அவர் நெஞ்சுவலியோடு திரிகிறார். பிழை யாரில் என்று எனக்கு விளங்கவில்லை.

சுவிஸில் இருந்து இதை வாசிப்பவர்களே, வருத்தக்காரரையும் சேர்ப்பார்களா? இன்றைக்கே எழுதுங்கள்.

தெரியாதவர்கள், டொக்டர் பேசி முடித்ததும் சித்தப்பா என்னைத்தானே பார்ப்பார், நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றாவது சொல்லுங்கள்.