என் பெயரில் பேசியவன்

எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும், தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தில் பக்கத்து வீட்டு எண்ணை எழுதி, அருகில் பி.பி. என்று போடுவேன். போன் எங்களுடையது அல்ல, கூப்பிட்டால் ஆளை அழைத்து வந்து கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். எண்பதுகளில் பள்ளி மாணவனாக எழுத ஆரம்பித்தது, ராஜபாளையத்தில் வேலைக்குப் போன பிறகும் விடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்த வீட்டுப் பையனின் அப்பாவுக்குத் தேரடிப் பக்கம் பெயிண்ட் கடை. வியாபாரத்துக்காக வாங்கிய போனின் இன்னொரு இணைப்பு வீட்டிலும் இருந்தது. அவனும் நானும் ஒரே வகுப்பு. அவன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தான். நான் படித்து முடித்தேன். இந்த ஒரு விஷயத்தில்தான் நான் அவனை ஜெயித்தேன், அதையும் அவன் தோல்வியாக எடுத்துக்கொள்ளவே இல்லை. எரிச்சல் அதில்தான்.

என் நல்ல செய்திகள் எல்லாம் முதலில் அவன் காதில் விழுந்து, பிறகு அவன் வாய் வழியாக எனக்கு வந்தன. மார்க் வந்தது அப்படித்தான். வேலை வந்ததும் அப்படித்தான். ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏலே, ஒனக்கு வேல கெடச்சிருச்சு. திங்கக்கெழம வரச் சொல்றான். நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றான். எனக்குக் கிடைத்த வேலைக்குச் சரி சொன்னவன் அவன். என் அம்மா சந்தோஷத்தில் முதல் வாய் சர்க்கரையை அவனுக்குத்தான் போட்டாள். செய்தி கொண்டுவந்தவன் அல்லவா.

வேலை, ஆஸ்பத்திரிக்கான காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற கம்பெனியில். தினமும் டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் போய் வருவேன். புதிதாக எந்த மெஷின் வந்தாலும் அதன் ஆங்கிலக் கையேட்டை முதலில் பிடுங்கிக்கொண்டு போகிறவன் நான்தான். தொண்ணூறுகளின் நடுவில் பேக்கிங் மெஷின் ஒன்றைப் பழகிவர மலேசியாவுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தபோது, என்னைத் தவிர யாரும் அவ்வளவு துள்ளவில்லை. அனுப்பினார்கள். கையோடு, வெளிநாட்டிலும் செல்லும் கிரெடிட் கார்டு ஒன்றையும் கம்பெனி ஜாமீன் போட்டு என் பெயரிலேயே வாங்கிக் கொடுத்தது.

அந்தக் கார்டை நான் கொஞ்சியது கொஞ்சமல்ல. பஸ்ஸில் நிற்கும்போது சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அவனிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு புடைத்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவி, என் பெயரைப் பார்க்காமலே படித்தான். கார்டை உடனே திருப்பி வாங்கிக்கொண்டேன்.

கார்டுக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி விசித்திரமாக இருந்தது. திருமணத்துக்கு முன் தாயாரின் பெயர் என்ன? நம் பக்கத்துப் பெண்களுக்குக் கல்யாணத்தில் இனிஷியல்தானே மாறும்? ஆனால் என் அம்மாவுக்குப் பெயரே மாறியிருந்தது. சுந்தரபாண்டியத்தில் அவள் பிறந்த வீட்டில் வைத்த பெயரும் மாமியாரின் பெயரும் ஒன்று. மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி அதட்டுவது என்று, மணவறையிலிருந்து எழுவதற்குள் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே அந்தப் பழைய பெயரைச் சொன்னாள். நானும் கட்டத்தில் எழுதி, கவரை ஒட்டினேன். அப்பாவைப் பெற்றவளை நான் பார்த்ததில்லை. அந்தப் பெயரில் யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. எழுதிய கையோடு மறந்துபோனேன்.

மலேசியாவில் ஜொகூர் பாருவில் தங்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். அவன்தான் எடுப்பான். "அத்தை வாராக, செத்த நேரம் இரு. அதுக்குள்ள சொல்லு, அங்க மழையா?" என்று ஆரம்பிப்பான். சாப்பாடு என்ன, மெஷின் எம்புட்டுப் பெரிசு, முதலாளி சீனனா என்று எல்லாவற்றையும் அவனே கேட்டு முடிப்பதற்குள் என் போன் கார்டு பாதி கரைந்திருக்கும். அதன் பிறகு அம்மா வந்து, "அதான் அவன்ட்ட சொல்லிட்டியே" என்பாள். அவள் நான் கூப்பிடும் நேரத்துக்கு வெகு முன்பே அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள் என்பதும், நான் வைத்த பிறகும் காபி குடித்து, டிவி பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்னிடம் பேசும்போது அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு ஞாயிறு அவனே சொன்னான், எங்கள் வீட்டுக்கு லைன் கொடுக்க முறை வந்துவிட்டது, தபால் வந்திருக்கிறது என்று. வருடக்கணக்காகக் காத்திருந்த செய்தி. அதுவும் அவன் வாயால். அந்த நிமிடமே முடிவு செய்தேன். சிங்கப்பூர் போய் நல்ல கார்ட்லெஸ் போன் வாங்க வேண்டும். வயர் இல்லாமல் கொல்லை வரைக்கும் எடுத்துப்போகிற மாதிரி. அது வந்தபின் என் அம்மா என் குரலைக் கேட்க இன்னொருவன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அவனிடம் மூச்சு விடவில்லை. அம்மாவிடம் சொன்னால் அவனிடம் சொன்ன மாதிரி, அதனால் அவளிடமும் சொல்லவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமை, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போனேன். எலக்ட்ரானிக் கடையில் சீனப் பெரியவர் ஒருவர். பிடித்த போனைக் காட்டிக் கார்டை நீட்டினேன். அதை மெஷினில் தேய்த்தார். வங்கியைக் கேட்கச் சொல்லி மெஷினில் வந்தது. பெரியவர் எங்கோ பேசிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். போன் பெட்டி மேஜைமேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். என் கார்டைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டினார். போன் பெட்டியை அலமாரிக்கு ஏற்றினார். கார்டு திருட்டுக் கார்டாம்.

நான் படபடத்துப் பேசிய இங்கிலீஷ் எனக்கே புரியவில்லை. கடைசியில் அவர் மனம் இரங்கி, கல்லாவைத் திறந்து கார்டைக் கவிழ்த்துப் பிடித்தார், கையில் தரவில்லை. பின்பக்கம் இருந்த மெட்ராஸ் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஒரு போன் கார்டும் வாங்கி, எதிரில் இருந்த பொது போனுக்கு ஓடினேன். சனிக்கிழமை, வங்கியின் கார்டு பிரிவு அரைநாளோடு மூடிவிடும். திங்கள் முழுக்க மெஷின் வேலை, செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். இன்று இல்லையென்றால் அந்தப் போன் இல்லை.

ஒரு பெண் எடுத்தார். நிதானமான குரல். சிங்கப்பூரில் கார்டு உபயோகமானதும் சந்தேகம் வந்து, விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினார்களாம். கார்டுக்குரியவர் பேசிவிட்டாராம்.

"கார்டுக்குரியவன் நான்தான் மேடம்."

"அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீட்டுல இருக்கார் சார். நான் சிங்கப்பூருக்கே போனதில்லன்னு சொல்லிட்டார்."

அவன்தான். வேறு யார் எடுக்க முடியும்? பதற்றத்தை விழுங்கிக்கொண்டு, எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். பிறந்த தேதி சொன்னேன். முகவரி சொன்னேன். திருமணத்துக்கு முன் தாயாரின் பெயர் கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன், பழைய இனிஷியலைச் சேர்த்து. தப்பு என்றார்.

"வீட்ல இருக்கறவர் சரியா சொன்னாரே சார்" என்று அவர் சொன்னதில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. மாட்டிக்கொண்ட திருடனிடம் காட்டுகிற இரக்கம்.

எனக்கு அப்போது வந்த கோபத்தில் வங்கிமேல் துளியும் இல்லை. என் அம்மாவின் பெயர், நான் வைத்துக்கொள்ளாமல் விட்ட பெயர், அவனிடம் இருக்கிறது. அடுத்து நான் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு எண்தான் உண்டு. அதுவும் அவனுடையது.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏலே, நல்லவேள பேசுன" என்றான், மூச்சு வாங்க. "ஒன் கார்ட எவனோ சிங்கப்பூர்ல தேச்சுட்டான். நான் நிப்பாட்டிட்டேன். பயப்படாத."

பேங்கிலிருந்து கார்டுக்காரரிடம்தான் பேசுவோம் என்றார்களாம். நான் மலேசியாவில் அல்லவா இருக்கிறேன், சிங்கப்பூரில் தேய்ப்பவன் திருடன்தானே என்று கணக்குப் போட்டானாம். என்னைத் தேடிப் பிடிப்பதற்குள் பணம் போய்விடும் என்று, என் பெயரிலேயே பேசிவிட்டானாம். ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தான்.

"தேச்சது நான்தாம்லே."



"சிங்கப்பூர்ல ஒனக்கு என்ன சோலி?"

"போன் வாங்க வந்தேன். அம்மாவுக்கு."

"எங்கிட்ட சொல்லலியே."

பதிலுக்குக் காத்திருக்காமல், "இந்தா, அத்தைகிட்ட பேசு" என்று மட்டும் சொன்னான். அவள் அங்கேயேதான் இருந்தாள்.

அம்மாவுக்கு நடந்த கலவரத்தைவிட அவன் சாமர்த்தியம்தான் பெரிதாகத் தெரிந்தது. "ஏய்யா, ஒன்னமாதியே பேசுனான்யா, அதே வேகம்" என்றாள். "பேங்குல இருந்து எம் பழைய பேரக் கேட்டாக போல. அவனுக்குத் தெரியுமா பாவம்? போனக் கையில வச்சிக்கிட்டே திரும்பி, அம்மா, கல்யாணத்துக்கு முந்தி ஒங்க பேரு என்னன்னான்."

"என்னன்னு கூப்ட்டான்?"

"அம்மான்னு. நீயாப் பேசுறான்ல, அத்தைன்னா மாட்டிக்கிடுவாம்ல?" சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு முன்பே தெரியும், போனுக்குப் பின்னால் கேட்கிற சிரிப்பு. "எனக்கு ஒரு நிமிசம் நீதான் நிக்கியோன்னு ஆயிருச்சு. சொல்லிட்டேன்."

அந்தப் பெயரை எனக்கும் சொல்லச் சொன்னேன். "ஒனக்குத் தெரியாதா? எழுதுனியே" என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. இன்றும் வங்கியில் கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும், அவன் கேட்டதற்கு அப்புறம் எனக்குக் கிடைத்தது என்ற நினைப்பு கூடவே வரும்.

மறுபடி மெட்ராஸ். அதே பெண். பெயரைச் சொன்னேன். இந்தப் பெயர் தெரிந்தவர்கள் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டீர்கள், நான் யாரை நம்புவது என்றார். வீட்டில் இருப்பவர், தான் அவர் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னால்தான் கார்டைத் திறக்க முடியும் என்றார். ஆக, நான் நான்தான் என்பதற்கும் அவன் சொல்ல வேண்டும்.

மீதியிருந்த யூனிட்டில் அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மெட்ராஸ் எண்ணைக் குறித்துக்கொண்டான்.

"நான் சொன்னா ஒனக்குப் போன் கெடச்சிரும். அத்தை பொறவு இங்க வர வேண்டிய சோலியில்ல. அதானலே?"

எதிரே கடை அலமாரியில் இருந்த போன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, வையி. யூனிட்டு போவுது" என்றான்.

கடையில் போய் உட்கார்ந்தேன். பெரியவர் தேநீர் குடித்தார், எனக்குத் தரவில்லை. மெட்ராஸில் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் பேசாமல் இருந்துவிட்டால் என்ன? அவன் இடத்தில் நான் இருந்தால் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பேனோ? அந்த யோசனையில் இருக்கும்போதே கடைப் போன் அடித்தது. பெரியவர் கேட்டுவிட்டு, ரிசீவரை என்னிடமே நீட்டினார். அந்தப் பெண்தான். கார்டைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். இனிமேல் வெளிநாட்டில் எங்கே போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். பிறகு, குரல் இளகி, "உங்க அண்ணன்தான் ரொம்ப மன்னிப்புக் கேட்டார் சார். தம்பி பாவம், அவனைத் திருடன்னு நெனச்சிடாதீங்கன்னார். கொடுத்து வச்சவர் நீங்க" என்றார்.

எனக்கு உடன்பிறந்தவர் யாரும் கிடையாது. அவன் என்னைவிட இளையவன் வேறு. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

போனை வாங்கிவிட்டேன். நான் ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் லைனும் வந்தது. லைன்மேன் கம்பியை இழுத்து, டயல் டோன் வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஏரியலை இழுத்து நீட்டி, எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். மறுநாள் ராஜபாளையம் ஆபீஸிலிருந்து நான் கூப்பிடுவேன், நம் வீட்டில் முதல் போன் நம்முடையதாக இருக்க வேண்டும் என்றேன். தலையாட்டினாள். போனைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். வயர் இல்லாமல் எங்கே வரைக்கும் கேட்கும் என்றாள். கொல்லை வரைக்கும் என்றேன், பெருமையாக.

எழுந்து கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். சுவர் ஓரமாக நின்று, எனக்குப் பார்க்காமலே தெரிகிற அந்த எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"அம்மா பேசுறேன்யா" என்றாள். "எங்க வீட்ல இருந்து."

அவன் பதில் சொன்னான். போனில் ஒரு தடவை, சுவருக்கு மேலாக ஒரு தடவை என்று, அவன் குரல் எனக்கு இரண்டு முறை கேட்டது.