கொள்ளு மேல் ஓடிய மைல்

சேலத்தில் காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை கூடவா விசில் ஊதணும்?" என்று என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என்ன செய்வது, நான் டிரில் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டப் பந்தயங்களுக்கு நடுவர். ஒரு சுற்றைக்கூடத் தப்பாக எண்ணியதில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. அது எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ, மார்கழி மாதம்.

தருமபுரிக்கு இரண்டு ரூபாய். அங்கே குடித்த டீ பதினைந்து பைசா. அதில் பால் இருந்ததாகச் சொன்னார்கள். காரிமங்கலத்துக்கு எழுபது பைசா. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "யாரு வூட்டுக்குங்க?" என்றார். அடுத்த ஊர் ஸ்டேடியத்துக்கு என்றேன்.

"அங்க இன்னைக்கு என்னங்க, கல்யாணமா, கட்சிக் கூட்டமா?"

"ஓட்டப் பந்தயம்."

"அட, அதெல்லாம் கூட நடக்குதுங்களா!"

காரிமங்கலத்திலிருந்து இரண்டு மைல் நடை. சின்ன ஊர்தான். பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் எனக்கு மரியாதை இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். 'பல்நோக்கு சமுதாய விளையாட்டு அரங்கம்' என்று பலகை. ஐந்து சிமெண்டுப் படிகள், அவற்றின் மேல் ஈரச் சேலைகள். கால்பந்துக் கம்பத்தில் ஓர் எருமை கட்டியிருந்தது. ஓடுபாதையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பாதை முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச் செடி, காய்ந்து, காயோடு பரப்பிக் கிடந்தது.

விளையாட்டுக் கமிட்டிச் செயலாளர் மாதப்பன் ஓடி வந்தார். "வாங்க சார்! நீங்க லெட்டர்ல எழுதுனாப்பலயே பண்ணிட்டமுங்க."

எழுதியது நான்தான். பாதை கல்லும் கரடுமாக இருந்தால் கால் போய்விடும், மெத்தென்று எதையாவது பரப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தேன். நான் நினைத்தது மணல். இந்தப் பக்கத்தில் கொள்ளைத் தார் ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை ஏறவிட்டே காயை உதிர்த்துக்கொள்வார்கள். வண்டிக்குப் பதில் ஆள் ஓடினால் என்ன என்று கமிட்டி கூடி முடிவெடுத்திருக்கிறது.

"அள்ளுங்க எல்லாத்தையும்!" என்று கத்தினேன்.

கொள்ளுக்குச் சொந்தக்காரி ரோசம்மா முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். "ரெண்டு ஏக்கரா கொள்ளுங்க சார். போரடிக்க ஒத்த மாடுதான் நிக்குது, இன்னொன்னுக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. மானத்தப் பாருங்க. நனைஞ்சுதுன்னா அம்புட்டும் மொளவுட்டுரும். வருசம் பூரா வூட்டுல அடுப்பெரியாதுங்க."

மேற்கே பார்த்தேன். அடுப்புக்கரி மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. அள்ளச் சொன்னதை விட்டுவிட்டு விசிலை எடுத்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு மைல் ஓட்டம். எட்டுச் சுற்று, பன்னிரண்டு பேர். முதல் சுற்றிலேயே நாலு பேர் சறுக்கி விழுந்தார்கள். இரண்டு பேர் செடியில் கால் சிக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார்கள். செங்கோடன் என்ற நெட்டைக் கால் இளைஞன் மட்டும் நெருப்பை மிதித்தவன் போல் துள்ளித் துள்ளி ஓடி முதலாவதாக வந்து, மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்தான்.

ரோசம்மா பாதையில் குனிந்து ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தார். "பாதிதாங்க உதுந்திருக்குது" என்றார். என் வழுக்கையில் ஒரு தூறல் விழுந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. சுற்றுக் கணக்குத் தாளைத் தூக்கிப் பிடித்து, "நாலு சுற்றுதான் ஆகியிருக்கிறது! இன்னும் நாலு!" என்று அறிவித்தேன்.

"எட்டு சார்! சத்தியமா எட்டு! எங்காலு சொல்லுது சார்!" என்று செங்கோடன் குதித்தான்.

படிகளில் இருந்த கூட்டம் என்னைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. "நாலுதான்! நாலேதான்! நாங்க எண்ணுனமில்ல!" என்று ஊரே கூசாமல் கத்தியது. கத்தியதோடு நிற்கவில்லை, இறங்கி ஓடவும் ஆரம்பித்தது. மாதப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ரோசம்மா ஓடினார். நானும் விசிலை ஊதிக்கொண்டே ஓடினேன். 'இன்னும் நாலு' என்றது எப்போது இன்னும் எட்டுச் சுற்றானது என்று யாரும் கேட்கவில்லை. உதிர்ந்த கொள்ளை ஊரே கூடிப் படுதாக்களில் அள்ளியது. கடைசிப் படுதாவைச் சுருட்டிப் படிக்கட்டின் அடியில் தள்ளியதும் மழை கொட்டித் தீர்த்தது. ரோசம்மா நனைந்தபடி நின்று சிரித்தார், அழவும் செய்தார்.

மூன்றரை பஸ்ஸுக்குக் காரிமங்கலத்தில் நின்றேன். மடியில் ரோசம்மா கட்டிக் கொடுத்த கொள்ளு. எங்கள் சேலத்து மைதானத்தில் இத்தனை வருஷம் எத்தனை பேரை ஓடவிட்டிருப்பேன்! ஒரு மணி உதிர்ந்ததில்லை.

பஸ் கிளம்பும்போது செங்கோடன் நொண்டி நொண்டி வந்து ஜன்னலைப் பிடித்தான். கையில் நான் கையெழுத்திட்ட முதல் பரிசுச் சான்றிதழ்.

"சார், ஊருக்காக நீங்க பொய் சொன்னீங்க, சரி. ஆனா என்ற காலு ரெண்டு மைல் ஓடியிருக்குதுங்களே!"

சான்றிதழை வாங்கிப் பேனாவை எடுத்து, 'ஒரு மைல்' என்றிருந்ததை அடித்து 'இரண்டு மைல்' என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.