குக்கர் வந்தால் மானம் போகுமாம்

மணாலிக்குப் பெட்டி கட்டும்போது பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் விசிலடித்தது. உடனே அப்பாவின் இருமல் நினைவுக்கு வந்தது.

ஹோட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது என்று, சின்ன வயதில் சிம்லா போகும்போதெல்லாம் அம்மா ஸ்டவ், அரிசி, குக்கர் எல்லாம் தூக்கிவருவாள். லாட்ஜ் அறையில் சமைக்கக் கூடாது. அதனால் விசில் வரும்போதெல்லாம் அப்பா உரக்க இருமுவார். ஒருமுறை மேனேஜர் வந்து கதவைத் தட்டியே விட்டார்.

“எதுக்கு இருமுதீங்க? களவா பண்ணுதோம்? சோறுதானே பொங்குதோம்!” என்று அப்பாவை அதட்டிவிட்டு, அம்மா கரண்டியோடு போய்க் கதவை விரியத் திறந்தாள். சமைக்கிறேன், என்ன செய்வீர்கள் என்று அவள் இந்தியில் கேட்டதும் மேனேஜர் வந்த வழியே திரும்பிப் போனார்.

எழுந்துபோய் எங்கள் குக்கரை எடுத்துவந்தேன்.

“மம்மி, ரிசார்ட்டுக்கு யாராவது குக்கர் எடுத்துட்டுப் போவாங்களா? மானமே போயிடும்,” என்றாள் மகள்.

குக்கரைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

“போகட்டும். விசில் வந்தா ஒருத்தரும் இருமக் கூடாது.”