நான்கு வீட்டுப் பால்

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிக் கோயமுத்தூரில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு மில் வேலை. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், தொண்டாமுத்தூரில் சித்தியின் தோட்டத்திலிருந்து ஒரு பூனையைக் கூடையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஒரு வயது இருக்கும். எலி பிடித்து வளர்ந்த பூனை. டவுனுக்கு வந்த மரியாதைக்காக வேளாவேளைக்கு எருமைப்பால் வைத்தேன்.

நான்காம் நாள் அதற்கு வயிற்றால் போயிற்று. போனதும் போயிற்று, முன்வீட்டில் இருந்த ஓனர் அம்மா கோலம் போட்டு நிமிர்ந்த வாசலிலேயே போயிற்று. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஏனுங்க அம்மணி, ஞாயித்துக்கெழமைக்குள்ள இது நிக்கோணுமுங்க. இல்லீன்னா தோட்டத்துக்கே கொண்டுபோயி உட்டுப்போடுங்க" என்று பதமாகச் சொல்லிவிட்டு வாளியை எடுக்கப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பகலில் நான் பேசுவதற்கு இருந்த ஒரே ஜீவன் அந்தப் பூனைதான்.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது, நிறுத்துங்கள் என்றார் டாக்டர். உப்புப் போடாமல் வேகவைத்த கோழியும் கொஞ்சம் சோறும், குடிக்கத் தண்ணீரும் போதுமாம். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. பூனைக்குப் பால் ஆகாது என்று அதுவரை ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் நிறுத்தினேன். பொதுக் குழாயடியில் கேட்டவர்களிடமும் பாலை நிறுத்திவிட்டதாகச் சொன்னேன்.

கழிச்சல் குறையவில்லை, கூடியது. எதையும் குடைந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், பூனை என்ன தின்றது, எத்தனை முறை போனது என்று எழுத ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். எழுதியதைப் படித்தபோது ஒன்று இடித்தது: நான் கொடுத்ததைவிட வெளியே வந்தது அதிகம்.

வியாழக்கிழமை காலையில் சத்தமில்லாமல் அதன் பின்னாலேயே போனேன். அடுத்த வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தது. அந்த வீட்டு அக்கா கிண்ணத்தில் பாலோடு வந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார்.

"நீங்க பால நிறுத்திப்போட்டீங்கன்னு கேட்டதும் பாவமாப் போச்சுங்க. ஊடு தேடி வந்தத வெறும் வாயோட அனுப்ப முடியுங்களா?" என்றார்.

என்னையும் வெறும் வாயோடு அனுப்பவில்லை. உள்ளே உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி கொடுத்தார். அதற்குள் பூனை அடுத்த வீட்டில் இருந்தது. அங்கேயும் கிண்ணம், அங்கேயும் எனக்குக் காபி. மூன்றாவது வீட்டிலும் அதே கதை. வேண்டாம் என்றால் அவர்கள் முகம் சுருங்கிவிடும். குடிவந்து மூன்று மாதமாக நான் ஏறாத படிகளை இந்தப் பூனை மூன்றே நாளில் ஏறியிருக்கிறது என்று நினைக்கையில் வெட்கமாக இருந்தது.

நான்காவதாக அது போய் உட்கார்ந்தது ஓனர் அம்மாவின் புழக்கடைப் படியில். அவரேதான் குனிந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்ததும் சொம்பை முந்தானையில் மறைக்கப் பார்த்தார்.

"அன்னைக்குப் பேசுனதுலிருந்து மனசு கேக்கலீங்க" என்றார்.

டாக்டர் சொன்னதை முதல் தடவையாக முழுசாக எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் வெறுந்தண்ணீர் வைத்தால் தப்பில்லையே என்று கேட்டார். தப்பில்லை என்றேன். மற்ற மூன்று வீட்டுக்கும் அவரே போய்ச் சொன்னார். அன்று முதல் நான்கு வீட்டுக் கிண்ணங்களிலும் தண்ணீர்தான். ஆனால் என்னைக் கண்ட இடத்தில் உள்ளே கூப்பிட ஆரம்பித்தார்கள். பூனைக்குப் போன பாலெல்லாம் காபியாகி என் பக்கம் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை பூனை, அதற்கென்று நான் வைத்திருந்த மண் தொட்டியில் சமத்தாகப் போய் மூடிவிட்டு வந்தது. வயிறு கெட்டது எனக்கு. காலையிலிருந்து புழக்கடைக்கும் வீட்டுக்குமாக நான் அலைவதைப் பார்த்து ஓனர் அம்மா ஓமத்தண்ணி கொண்டுவந்தார்.

"பூனைக்கு நின்னுபோச்சுங்க. எனக்கு நிக்கலீங்க. நான் தோட்டத்துக்குப் பஸ் ஏறோணுங்களா?" என்றேன்.

அதுவரை என்னை அம்மணி, நீங்க என்றே பேசியவர் டம்ளரை என் கையில் திணித்தார்.

"நீயும் இரு கண்ணு. அதுவும் இருக்கட்டும்."