நெய்மீன் தின்ற தக்காளி

தொட்டி மண்ணுக்கான தூளிலிருந்து வடியும் தண்ணீரை விரலில் தொட்டு நக்கிப் பார்க்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் மாமிதான் அது. வேலை லேப் டெக்னீஷியன். பகல் முழுக்கக் கையுறையும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு ஊரார் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, சாயங்காலம் மொட்டைமாடியில் குத்தவைத்து அழுக்குத் தண்ணீரை நக்குவார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர் புதுக்கடையில், எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மாடி வீட்டில் மாமாவும் மாமியும் வாடகைக்கு இருந்தார்கள். மாமி கடற்கரைப் பெண், கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர். மாமாவைக் கட்டிக்கொண்டு எங்கள் சபைக்கு வந்துவிட்டார். அவர் வீட்டிலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததே இல்லை. கடல் ரொம்பத் தூரம் போல என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அரைமணி நேரம்.

எல்லாம் ஆரம்பித்தது அறுப்பின் பண்டிகையில். அன்றைக்கு ஆளாளுக்குத் தங்கள் நிலத்தில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஒருவர் வாழைக்குலை, ஒருவர் பலாப்பழம், ஒருவர் கோழி. சொந்தமாய் ஒரு சாண் நிலம் இல்லாத மாமி கடையில் வாங்கிய முட்டைக்கோஸை வைத்தார். ஸ்டிக்கரை உரிக்க மறந்துவிட்டார்.

பெரிய மாமா வீட்டு மாமி அதைத் தூக்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி காட்டினார். "கடப்புறத்துல பெறந்தவளுக்கு மணலு தெரியும். மண்ணு எங்க தெரியப்போவுது?"

மறுநாள் என் மாமி வீட்டு மாடிக்குச் செடி வைக்கக் காலி பெயிண்ட் வாளிகள் வந்தன.

"அடுத்த பண்டியலுக்கு எங்கைல வெளஞ்ச தக்காளி ஏலத்துல நிக்கும்" என்றார் மாமாவிடம்.

"தக்காளியா? நம்ம மழைக்கு அழுவிப் போவும் பிள்ளே."

"மாடில கூரை போட்டுத் தாருங்க. அழுவுதான்னு பாப்போம்."

முதல் தடவை நட்ட நாற்றெல்லாம் செத்தது. மழை காரணம் இல்லை. மண் கனக்காமல் இருக்க மாமா ஒரு மூட்டை தும்புத்தூள் கொண்டுவந்திருந்தார். அது காயலில் ஊறப்போட்ட கதம்பையிலிருந்து வந்தது. தேங்காய் மட்டையைத்தான் நாங்கள் கதம்பை என்போம். காயலின் உப்பு அத்தனையும் அந்தத் தூளில் இருந்தது. இலைகளின் ஓரம் தீயில் காட்டியது போலக் கருகியது. மாமி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, தூளைப் பெரிய தொட்டியில் முக்கி, பிழிந்து, வடிகிற தண்ணீரை நக்க ஆரம்பித்தார்.

"இன்னும் கரிக்குது." மறுபடி அலசல். மறுபடி நாக்கு. "இன்னும் கரிக்குது."

நானும் விரலை விட்டேன்.

"ஏட்டி, துப்பு. வயித்தால போனா உங்கம்மைக்கு ஆரு பதில் சொல்லது?"

"நீங்க மட்டும் நக்குதிய?"

"நான் உப்புலயே பெறந்தவளாக்கும். என்ன ஒண்ணும் செய்யாது."

நான் அப்படியே நம்பினேன். உப்பே தீண்டாத மனுஷி. தண்ணீர் சப்பென்று ஆனபிறகுதான் அந்தத் தூளுக்கு மாடியில் இடம் கிடைத்தது. செம்மண், தூள், மக்கிய சாணம், கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. எல்லாவற்றையும் கலந்து குவித்து ஈரச்சாக்குப் போட்டு மூடினார். சில நாள் கழித்து அதற்குள் கையை விட்ட நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். குவியல் உள்ளே சுட்டது.

"மாமி, மண்ணுக்குக் காய்ச்சல்."

"காய்ச்சல் இல்ல. உள்ள உயிரு கெடக்கு. லேப்புல நான் கொல்லுற சாதி. இங்க வளத்துறேன்."

ஊரில் இருக்கிற எல்லா மண்ணுக்குள்ளும் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாள் நான் செருப்பை உதறிவிட்டு மெதுவாகத்தான் நடந்தேன்.

அடுத்தது உரம். மீன் குடலும் தலையும் கருப்பட்டியும் சமமாகச் சேர்த்து மூடி வைத்தால், சில வாரத்தில் தேன் மாதிரி ஒரு சாறு இறங்கும். அதில் ஒரு மூடியை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றினால் செடி பேய் மாதிரி வளரும் என்றார் மாமி. சனிக்கிழமைதோறும் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போவார். ஆனால் மீன் பக்கம் வரமாட்டார். பழக்கடையோடு நின்றுகொண்டு வாளியை என் கையில் கொடுப்பார்.

"அந்த மூலையில வெள்ளத்தாடி வச்ச ஆளு உண்டும்லா, அவருட்ட மட்டும் கேளு."

"நீங்களும் வாங்க மாமி."

"எனக்கு மீன் நாத்தம் ஆவாது."

வீட்டில் மீன் குடலை வெறுங்கையால் பிசைகிறவர் சொன்னது இது.

வெள்ளைத்தாடி முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆருக்கு?"

"எங்க மாமிக்கு. தக்காளிக்கு."

தாத்தாவை நாங்கள் பாட்டா என்போம். நான் அவருக்கு மீன் பாட்டா என்று பெயர் வைத்தேன். சாளையும் அயலையும் வெட்டிய கழிவை வாளி நிறையத் தருவார், காசு வாங்கமாட்டார். பேச்சும் கிடையாது. சில வாரம் கழித்து, கழிவுக்கு மேல் வாழையிலைப் பொதி ஒன்று வைத்தார்.

"இது கறிக்கு. அழுக்கோட சேத்துராத மக்கா."

மாடியில் மாமி பொதியைப் பிரித்தார். நெய்மீன். என் உள்ளங்கை அகலத் துண்டுகள், பால்வெள்ளை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குத்தான் அந்த மீனைப் பார்ப்போம். மாமி கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்துப் பொடிப்பொடியாய் வெட்டி, குடலோடு குடலாக ஜாடியில் போட்டார்.

"மாமி, அது கறிக்குன்னாரு."

"எனக்குத் தக்காளிக்குத்தான் வேணும்."

ஒவ்வொரு வாரமும் பொதி வந்தது. ஒவ்வொரு வாரமும் ஜாடிக்குள் போனது. நாங்கள் சாளை தின்றோம், தக்காளி நெய்மீன் தின்றது. இப்படி ராஜ உபசாரம் பெறும் செடி உலகத்திலேயே எங்கள் மாடியில்தான் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

ஒருநாள் ஜாடி மூடியைத் திறந்தபோது உஸ்ஸென்று காற்று வந்தது. மூக்கைப் பொத்தத் தயாராக இருந்தேன். நாற்றமே இல்லை, பழுத்த பலாச்சக்கையின் வாசம். குடலும் தலையும் போன இடத்தில் பழுப்பு நிறத்தில் சாறு பளபளத்தது. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கியது எனக்கு அதற்குப்பின் பெரிய விஷயமாகப் படவில்லை.

செடிகள் என் தோளுக்கு வந்தன. பண்டிகையன்று மாமி கொண்டுபோன கூடையில் ஸ்டிக்கர் இல்லாத தக்காளிகள், ஒவ்வொன்றும் இப்போதுதான் கழுவித் துடைத்தது போல. பெரிய மாமா வீட்டு மாமி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்தார். அதுவே எங்களுக்கு வெற்றிதான். ஆனால் ஏலத்தில் கூடை வந்ததும் கேட்டுக்கு வெளியே ரோட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. மீன் பாட்டா. உள்ளே வரவில்லை, நின்ற இடத்திலிருந்தே ஏலம் கேட்டார். யார் ஏற்றினாலும் அதற்குமேல் ஏற்றினார். முற்றத்தில் எல்லார் தலையும் என் மாமி பக்கம் திரும்பியது. மாமா தரையைப் பார்த்தார். கடைசியில் எதிர்க்க ஆளில்லை.

கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

"மக்கா, அந்த மீன எப்பிடி வச்சா உங்க மாமி? கொழம்பா, பொரிச்சாளா?"

"அவிய ஒரு துண்டு கூட தின்னல பாட்டா. எல்லாம் தக்காளிக்குப் போட்டாச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடிவிழும் என்று நினைத்தேன். பெரிய தக்காளியாக ஒன்றை எடுத்து, வேட்டியில் துடைத்து, நின்றபடியே கடித்தார். தாடியில் சாறு வழிந்தது. ரொம்பநேரம் மென்றார்.

"நான் குடுத்தது எனக்கே வந்துட்டு" என்றார். பிறகு என் தலைக்கு மேலாகக் கோயில் படியைப் பார்த்துச் சொன்னார். "நல்ல மண்ணுன்னு போய்ச் சொல்லு. உப்பே இல்லன்னு சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். மாமி படியிலேயே உட்கார்ந்து முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தக்காளியில் உப்பில்லை என்று குறை சொன்னதற்கு அழுகிறார் என்று நினைத்து, "அந்தப் பாட்டாவுக்கு ருசி தெரியல மாமி, விடுங்க" என்று தட்டிக்கொடுத்தேன்.

அவர் மாமியின் அப்பா என்பது அந்த முற்றத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்று ஞாயிறு. மாமி வீட்டில் நெய்மீன் குழம்பு. நடுத்துண்டு பாட்டாவின் தட்டில் இருக்கிறது.