சம்பந்தியை ஜெயித்தவர்

கல்பாத்தி சுப்ரமணியனுக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். இங்கிலீஷுக்கு அவர் மேல் அப்படியொன்றும் பிரியம் இருந்ததில்லை. சர்க்கார் ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெறும்வரை, அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட மேலதிகாரியின் சிவப்பு மை படாமல் வெளியே போனதில்லை. அந்த எரிச்சல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அதற்கு மருந்து பிள்ளையின் கல்யாணத்தில்தான் கிடைத்தது.

பிள்ளை சுதீப்புக்குக் கொல்லங்கோட்டில் பெண் எடுத்தார்கள். பெண்ணின் அம்மா அகிலாண்டம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் முடிந்த கையோடு சம்பந்திகள் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு விளையாட்டு ஆரம்பமானது. காலையில் சுப்ரமணியன் இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளை அனுப்புவார். அந்த இரண்டும் உள்ளே வருகிற வார்த்தைகளை இருவரும் யோசித்து அனுப்ப வேண்டும். யார் அதிகம் அனுப்புகிறார்களோ அவர்களுக்கு ஜெயம்.

யோசிப்பது சுப்ரமணியனுக்கு ஒத்துவராத காரியம். எழுத்தைப் போட்டால் வார்த்தையைக் கொட்டுகிற வலைத்தளம் ஒன்றை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். க்யூவும் இஸட்டும் போட்டால் போதும், மனிதன் ஆயுளில் கேட்டிராத பறவை பேரெல்லாம் வந்து விழும். அதிலிருந்து ஒரு பிடி அள்ளி முதலில் அனுப்பிவிடுவார். அரை நாழிகை கழித்து அகிலாண்டம் மாமியின் பதில் வரும். எப்போதும் ஒன்றோ இரண்டோ குறைவாகத்தான் வரும்.

"டீச்சராக்கும்! நம்மகிட்ட நிக்க முடியலை கேட்டேளா" என்று பால் வாங்க நிற்கிற இடத்தில் சொல்வார். கோவில் பிரகாரத்தில் சொல்வார். புழையில் குளிக்கிறவரைக் கரையேற விடாமல் நிறுத்திவைத்துச் சொல்வார். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள், அவரைத் தூரத்தில் கண்டாலே சந்தில் திரும்பினார்கள். ஆனாலும் தெருவில் பேர் நிலைத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு இங்கிலீஷில் ஒரு மரியாதை கிடைத்திருந்தது. அது போய்விட்டால் அவருக்கு வேறு சொத்து கிடையாது.

மருமகள் பத்மப்ரியாவுக்குச் சீமந்தம் வந்தது. கொல்லங்கோட்டார் முறுக்கும் அப்பமுமாகக் கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். வளையல் அடுக்கி, இலை போட்டு, பாலடைப் பிரதமன் வரை குறையில்லாமல் நடந்தது. சாப்பிட்ட வாய்க்கு வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்தபோதுதான் சுதீப் வினையை இழுத்தான்.

"அப்பாவும் மாமியும் தினம் போன்லதானே ஆடறா? இன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஆடட்டும். பேப்பர், பென்சில். பத்து நிமிஷம்."

தெருவே கைதட்டியது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பஞ்சகச்சத்தில் பை கிடையாது. போன் உள்ளே அலமாரிமேல் சார்ஜில் கிடந்தது. "தலை வலிக்கறாப்ல இருக்கு" என்று ஆரம்பித்தார். மனைவி கௌரி தைலக் குப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குமேல் தப்ப வழியில்லை.

கேயும் டபிள்யூவும் வர வேண்டும் என்றான் சுதீப். குழந்தைகளுக்குக் கொடுக்கிற கணக்கு. சுப்ரமணியன் 'ஒர்க்' என்று எழுதினார். அப்புறம் மூளை கதவைச் சாத்திக்கொண்டது. விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்த்துக் கொட்டியது. ஒருவழியாக 'ஒர்க்ஸ்' என்று எழுதினார். பிறகு 'ஒர்க்டு'. பிறகு 'ஒர்க்கர்'. ஒரு வேலையை நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற ஆபீஸ் பழக்கம் அவரை விடவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தார். மாமியின் பென்சில் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. பாதித் தாளைத் தாண்டியும் நிற்கவில்லை. இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் சுப்ரமணியன். அப்போதுதான் மாமி நிமிர்ந்தாள். அவள் பார்வை அவருடைய தாளில் விழுந்தது. பென்சில் சட்டென்று நின்றது. தாளை நாலாய் மடித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"நேக்கு ஒண்ணுமே தோணலை" என்றாள் சபையைப் பார்த்து. "மாமாதான் ஜெயிச்சார்."

அப்பாவின் தாளில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சுதீப் கைதட்டினான். தெருவும் தட்டியது. அடுத்தாத்து நாராயண் எழுந்து வந்து பொன்னாடையே போர்த்தினார். சீமந்தத்துக்கு வந்த வேஷ்டிதான், மடிப்புக்கூடக் கலையவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு கௌரி பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "பாவம், அந்த மாமி. பொண்ணைக் குடுத்த எடத்துல ஜெயிக்கப்படாதுன்னு தினம் உங்களுக்கு ஒண்ணு கொறைச்சலா அனுப்பிண்டிருந்தா. இன்னிக்குப் பாதித் தாள் எழுதினப்பறம்தான் நீங்க கெடந்த கெடப்பை அவ பார்த்தா. அதுக்குக் கீழ எறங்கறதுக்கு அவளுக்கு எடமே கெடைக்கலை."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பொண்ணாப் பொறந்தவா எல்லாருக்கும் தெரியும். எங்கம்மா உங்கம்மாகிட்ட பல்லாங்குழி ஆடினது எப்படீன்னு நெனைச்சேள்?"

சுப்ரமணியனுக்கு அவமானமாக இருந்தது. ஏமாற்றியதைவிட, ஏமாற்ற வேண்டிய அவசியமே இருந்ததில்லை என்பதுதான் சுட்டது. ராத்திரி முழுக்கப் புரண்டு ஒரு முடிவுக்கு வந்தார். ஒரே ஒரு தடவை மாமியிடம் நேர்மையாகத் தோற்றுவிட வேண்டும். அதற்கப்புறம்தான் அவளை முகம் பார்த்துப் பேச முடியும்.

மறுநாள் வலைத்தளத்தைத் தொடாமல், சொந்தமாக யோசித்து மூன்று வார்த்தை அனுப்பினார். மாமியிடமிருந்து இரண்டு வந்தது. அடுத்த நாள் வேண்டுமென்றே இரண்டு அனுப்பினார். ஒன்று வந்தது. "நாளைக்கு நீங்க மொதல்ல அனுப்புங்கோ மாமி" என்று கேட்டுப் பார்த்தார். "பெரியவா நீங்க இருக்கறச்சே நான் எப்படி மாமா முந்தறது?" என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் துணிந்து அடித்தார்: "இன்னிக்கு நேக்கு ஒண்ணும் தோணலை மாமி. ஜெயம் உங்களுக்குத்தான்."

உடனே பதில் வந்தது. "நேக்கும் தோணலை மாமா. மொதல்ல சொன்னது நீங்கதானே. அதனால ஜெயம் உங்களுக்குத்தான்." கீழே கூப்பிய கை ஒன்று.

கௌரி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "இன்னிக்கு யார் ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

சுப்ரமணியன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நான்தான்" என்றார்.